ஆன்டிகுவால இருந்து வீட்டுக்கு: சீக்கி ரஃபிகி படகுக்கு 2014 மே மாசம் என்ன ஆச்சு

கரீபியன் தீவுகள்ல பாய்மரப் படகு வச்சு சுத்தறவங்களுக்கு மே மாசம்னா மூட்டை கட்டற மாசம். ஜூன் 1 ஆச்சுன்னா புயல் சீசன் ஆரம்பம், நவம்பர் 30 வரைக்கும் போகும், அதுக்குள்ள படகு அந்தப் பகுதியை விட்டு வெளிய போயிருக்கணும்னு நிறைய இன்சூரன்ஸ் பாலிசில கண்டிஷனாவே இருக்கும். அதனால ஏப்ரல் கடைசில ஆன்டிகுவால ஒரு பக்கம் ரேஸ், பாட்டு, ரம்முன்னு போயிட்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் டீசல் கேன், தண்ணி, டின் சாப்பாடுன்னு ஏத்திட்டு இருப்பாங்க. சுத்திப் பாக்க வந்த ஃப்ரெண்ட்ஸ் பாதிப்பேர் ஃப்ளைட் புடிச்சு கிளம்பிடுவாங்க, லீவு மிச்சம் இருக்கறவங்களும் கடல் தாண்டின அனுபவம் வேணும்னு ஆசைப்படறவங்களும் படகுலயே நிப்பாங்க.

அப்படிக் கிளம்பின ஒரு படகுதான் சீக்கி ரஃபிகி. நாலு பேரு, 40 அடி படகு, ஆன்டிகுவால இருந்து இங்கிலாந்துல இருக்கற சவுத்தாம்ப்டனுக்கு. போய்ச் சேரல. இந்த கேஸைப் பத்தி பிரிட்டன்ல கடல் விபத்துகளை விசாரிக்கற எம்.ஏ.ஐ.பி. அமைப்பு 2015ல ஒரு முழு அறிக்கை வெளியிட்டாங்க, அப்புறம் கோர்ட்லயும் வருஷக்கணக்குல ஓடிச்சு. நண்பர்களோட படகு எடுத்து தீவு சுத்தணும்னு நினைக்கற யாரும் இதை ஒரு தடவை முழுசா தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா இதுல பெரிய புயலும் இல்ல, திமிங்கிலம் வந்து மோதவும் இல்ல.

முதல்ல தீவு சுத்தறது எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், அது தெரியாம மீதி புரியாது. ஆன்டிகுவா இங்கிலிஷ் ஹார்பர்ல காலைல நங்கூரம் எடுத்தா தெற்க சுமார் 40 கடல் மைல்ல குவாதலூப்போட வடமேற்கு மூலைல தெஹேங்கற ஊரு, சாயங்காலம் ஆகறதுக்குள்ள போயிடலாம். அங்கிருந்து லே சேன்த் குட்டித் தீவுகள், அதுக்கு 20 மைல் தள்ளி டொமினிக்கா, அப்புறம் மார்த்தினிக்ல 1902ல பெலே எரிமலை வெடிச்சு மொத்தமா அழிஞ்ச சேன் பியேர் ஊரு. எல்லாம் ஒரு பகல் தூரம்தான். காத்து கிழக்க இருந்து ஒரே சீரா வரும், தீவோட மேற்குப் பக்கம் மலை மறைவுல கடல் குளம் மாதிரி கிடக்கும், ரெண்டு தீவுக்கு நடுவுல இருக்கற சந்துல மட்டும் காத்தும் அலையும் போட்டுத் தாக்கும், ஒரு நாலஞ்சு மணி நேரம் நனைஞ்சுட்டு திரும்பவும் மறைவுக்குள்ள போயிடலாம். ஃப்ரெஞ்சு தீவுகள்ல இமிக்ரேஷன்கூட ஏதாவது ஒரு கடைல வச்சிருக்கற கம்ப்யூட்டர்ல நாமளே டைப் பண்ணி பிரின்ட் எடுத்துக்கறதுதான். (குவாதலூப் போறவங்க கபெஸ்டேர் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்க, 1854 டிசம்பர்ல ஒரேலி கப்பல்ல தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா போனவங்கள்ல நிறைய பேரு பாண்டிச்சேரி காரைக்கால் வழியா போன நம்ம ஆளுங்க, அவங்க வாரிசுங்க கட்டின கோயில் அங்க இருக்கு, சாப்பாட்டுக் கடைல "கொலம்போ"ன்னு மசாலா கறி கிடைக்கும், சாப்பிட்டா பழக்கமான வாசனை வரும்.)

இந்த மாதிரி பயணத்துல தப்பு பண்ணினா விலை ரொம்பக் கம்மி. பாய் கிழிஞ்சா அடுத்த தீவுல தைக்கலாம். எஞ்சின் நின்னா யாராவது ரப்பர் போட்டுல வந்து இழுத்து விடுவாங்க. தரை தட்டினாலும் அப்படித்தான், மத்தியான வெயில் தலைக்கு மேல இருக்கும்போது நீலம் எது பழுப்பு எதுன்னு தண்ணிக் கலரைப் பாத்து பவளப்பாறைக்கு நடுவுல நுழையணும், மேகம் ஒண்ணு குறுக்க வந்தாப் போதும், கீழ டொம்முன்னு ஒரு சத்தம், எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சு உக்காந்து ரிவர்ஸ் போட்டு வெளிய வந்துடுவாங்க, ராத்திரி அதே கதையைச் சொல்லி சிரிப்பாங்க. படகுக்குள்ள தண்ணி வரல, ஒண்ணும் ஆகலன்னு முடிவு பண்ணிடுவாங்க. நிறைய பாய்மரப் படகோட சரித்திரத்துல இந்த மாதிரி "ஒண்ணும் ஆகல" நாலஞ்சாவது இருக்கும், அதுல முக்கால்வாசி லாக் புக்ல ஏறியே இருக்காது.

இப்ப கீலுக்கு வருவோம். பாய்ல காத்து அடிச்சு படகைச் சாய்க்கும்போது அதைத் திரும்ப நிமிர்த்தறது படகோட வயித்துக்கு அடில துடுப்பு மாதிரி தொங்கற கனமான உலோகக் கீல். ஒரு 40 அடி படகுல அது டன் கணக்குல இருக்கும். அதைத் தாங்கறது சில போல்ட்டுதான், கீல்ல இருந்து மேல ஹல்லைத் (படகோட உடம்பு) துளைச்சு உள்ள வந்து பெரிய வாஷர், நட்டு போட்டு இறுக்கியிருக்கும். ஹல்லோட அடிப்பகுதி வெறும் ஃபைபர் கிளாஸ், அது மட்டும் அவ்வளவு பாரத்தைத் தாங்காது, அதனால உள்பக்கம் குறுக்கயும் நெடுக்கயும் சட்டம் வேணும். பழைய படகுகள்ல அந்தச் சட்டத்தை ஒவ்வொண்ணா வச்சு ஹல்லோட சேத்தே ஃபைபர் போட்டிருப்பாங்க. ஃபேக்டரில வரிசையா தயாரிக்கற படகுகள்ல அந்த மொத்தச் சட்டத்தையும் தனியா ஒரு அச்சுல வார்த்து, ஹல்லுக்குள்ள இறக்கி, பசை வச்சு ஒட்டிடறாங்க. இதுக்குப் பேரு மேட்ரிக்ஸ். சீக்கி ரஃபிகி 2006ல கட்டின பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 மாடல், அதுலயும் இதுதான். வேகமா ஓடற நல்ல படகு, உலகம் முழுக்க இன்னைக்கும் ஓடுது, அதுல மாத்துக் கருத்து இல்ல.

தரை தட்டும்போது கீலோட கீழ் முனை சடன் பிரேக் போட்ட மாதிரி நின்னுடும், படகு முன்னாடி போகப் பாக்கும். அப்ப கீலோட பின் ஓரம் ஹல்லை மேல குத்தும், முன் ஓரம் கீழ இழுக்கும். அந்த உதறல்ல மேட்ரிக்ஸ் ஒட்டு விடும், பெரும்பாலும் கீலோட பின் ஓரத்துக்கு நேரா. வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது, பல்லு பளபளன்னு இருக்கும், ஈறு விட்டிருக்கும். உள்ள இருந்து பாத்தாலும் சுலபமா தெரியாது, ஏன்னா ஒட்டு விட்ட இடம் மேட்ரிக்ஸுக்கு அடியில, அதுக்கு மேல பலகை, டேங்க், பெட்டுன்னு ஏதாவது இருக்கும். ஒட்டு விட்டதுக்கப்புறம் ஒவ்வொரு அலைக்கும் ஹல் கொஞ்சம் கொஞ்சமா வளையும், அந்த வளைவு நேரா போல்ட்டுக்குப் போகும், சந்துல உப்புத் தண்ணி புகுந்தா போல்ட்டு உள்ளயே அரிக்கும். சீக்கி ரஃபிகி முந்தின வருஷங்கள்ல பல தடவை தரை தட்டியிருக்கு, மேட்ரிக்ஸ்ல ரிப்பேரும் நடந்திருக்கு. இதெல்லாம் விசாரணைல வெளிய வந்துச்சு.

2013 கடைசில இங்கிலாந்துல இருந்து அட்லான்டிக் தாண்டி வந்த படகு, கரீபியன்ல சீசனை முடிச்சுட்டு, ஏப்ரல் கடைசில ஆன்டிகுவா செய்லிங் வீக் ரேஸ்லயும் ஓடிட்டு, 2014 மே 4 அன்னைக்கு திரும்பக் கிளம்புது. கேப்டனுக்கு 22 வயசு, கூட ஏறக்குறைய அதே வயசுல இன்னொருத்தர், மத்த ரெண்டு பேரும் ஐம்பது தாண்டினவங்க, பாய்மரப் படகு மேல ஆசையா வந்தவங்க. பேரெல்லாம் பேப்பர்ல நிறைய வந்துச்சு, நான் இங்க போடல.

திரும்பற ரூட் வந்த ரூட் மாதிரி இல்ல. வரும்போது கேனரி தீவுல இருந்து, கிழக்க இருந்து சீரா வீசற வியாபாரக் காத்து முதுகுல தள்ளிட்டே கொண்டு வந்து விட்டுடும், வெயிலும் இதமா இருக்கும், அதனாலதான் அந்தப் பக்கம் அவ்வளவு கூட்டம். திரும்பும்போது வடக்க ஏறணும், அட்லான்டிக் நடுவுல இருக்கற அசோர்ஸ் தீவுகள் பக்கம் நிக்கற உயர் அழுத்தத்தோட வடக்கு விளிம்புல மேற்குக் காத்தைப் புடிச்சுக்கிட்டு கிழக்க போகணும். ரொம்பத் தெற்கால போனா காத்தே இல்லாம நாள்கணக்கா மிதக்கணும், ரொம்ப வடக்கால போனா குளிரும் தாழ்வழுத்தமும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து அடிக்கும். ஆன்டிகுவால இருந்து அசோர்ஸோட ஹோர்த்தா துறைமுகம் சுமார் 2200 கடல் மைல், ரெண்டரை மூணு வாரம் ஆகும், அங்கிருந்து இங்கிலாந்து இன்னும் 1200, 1300 மைல். ஹோர்த்தால வர்ற ஒவ்வொரு படகும் துறைமுகச் சுவத்துல ஒரு படம் வரைஞ்சுட்டுப் போகணும், வரையலன்னா ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. நடுவுல தீவு கிடையாது, ரிப்பேர் கடை கிடையாது, கரைல இருந்து ஹெலிகாப்டரும் எட்டாது.

மே 15ஆம் தேதி வாக்குல படகுக்குள்ள தண்ணி சேருதுன்னு கரைக்குத் தகவல் வருது. ஹல், வால்வு எல்லாம் பாத்தும் ஓட்டை எங்கன்னு புடிபடல, உள்ள இருக்கற நல்ல தண்ணி டேங்க் ஒண்ணு உடைஞ்சிருக்குமோன்னு சந்தேகம். மெயில்லயும் சாட்டிலைட் போன்லயும் பேச்சு போகுது, தண்ணி அதிகமாகுது, காத்தும் ஏறுது, கரைல இருக்கறவங்க பிரிட்டன் கோஸ்ட் கார்டுக்குச் சொல்றாங்க, அந்த ஏரியா அமெரிக்கா பொறுப்புங்கறதால பாஸ்டன்ல இருக்கற மீட்பு மையத்துக்குத் தகவல் போகுது. மே 16 அதிகாலைல ஆளுங்க உடம்புல கட்டிக்கற குட்டி சிக்னல் கருவி, பி.எல்.பி., அதுல இருந்து ஆபத்து சிக்னல் வருது. இடம் கனடாவோட நோவா ஸ்கோஷியால இருந்து கிழக்கு தென்கிழக்கா 720 மைல், அசோர்ஸுக்கு இன்னும் ஆயிரம் மைல் கிட்ட. அதுக்கப்புறம் அந்த நாலு பேரோட யாரும் பேசல.

அமெரிக்க, கனடா விமானங்கள் போச்சு, அந்தப் பக்கம் போயிட்டிருந்த சரக்குக் கப்பல்களையும் திருப்பி விட்டாங்க. 17ஆம் தேதி மேர்ஸ்க் குரேங்கற கப்பல் கவுந்து கிடந்த ஒரு ஹல்லைப் பாத்து போட்டோ எடுத்துட்டு, ஆளைக் காணோம்னு சொல்லுது. 18ஆம் தேதி, 50 மணி நேரத்துக்கு மேல தேடினதுக்கப்புறம், அந்தக் குளிர்ல இனிமே உயிரோட இருக்க வாய்ப்பில்லன்னு தேடலை நிறுத்திட்டாங்க. குடும்பங்கள் விடல, ஆன்லைன்ல ரெண்டு லட்சத்துக்கு மேல கையெழுத்து சேந்துச்சு, பிரிட்டன் அரசும் கேட்டுக்கிச்சு, 20ஆம் தேதி திரும்பவும் தேட ஆரம்பிச்சாங்க. 23ஆம் தேதி அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஆஸ்கர் ஆஸ்டின் பக்கத்துல ஹல் திரும்பக் கிடைச்சுது, நீச்சல் வீரர் ஒருத்தர் இறங்கிப் பாத்தார். கீல் இல்ல. லைஃப் ராஃப்ட் (ஆபத்துல ஏறித் தப்பிக்கற உயிர்காப்பு மிதவை) எங்க கட்டி வச்சாங்களோ அங்கயே, அப்படியே இருந்துச்சு.

இந்த கடைசி விஷயம்தான் எனக்கு மொத்த கேஸ்லயும் முக்கியம். ராஃப்டைக்கூட எடுக்க முடியலன்னா கவுந்தது ரொம்ப வேகமா நடந்திருக்கணும். கீல் போன படகு மெதுவாச் சாயாது, எதிர்ல நிமிர்த்தற எடை போயிடுச்சு, பாய்மரத்தோட எடையும் காத்தும் சேந்து நொடிக்கணக்குல தலைகீழாப் போட்டுடும். கீழ தூங்கறவன் எந்திரிக்கறதுக்குள்ள கூரை தரையாயிடும்.

ஹல்லை மீட்கவே இல்ல, அதனால விசாரணை அதிகாரிங்களால ஒரு போல்ட்டைக்கூட கைல எடுத்துப் பாக்க முடியல. போட்டோ, மெயில், பழைய ரிப்பேர் விவரம், அதே மாடல் வேற படகுகள்ல மேட்ரிக்ஸ் எப்படி விட்டிருக்குன்னு பாத்துத்தான் முடிவுக்கு வந்தாங்க. முந்தின தரைதட்டல்களும் அதுக்குப் பண்ணின ரிப்பேர்களும் சேந்து கீல் இருந்த இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம், போல்ட்டு ஒண்ணோ பலவோ ஏற்கனவே கெட்டிருக்கலாம், கடல் மோசமானதும் கீல் கழண்டிருக்குங்கறதுதான் சாராம்சம். "லேசா தட்டினது"கூட பெரிய சேதம் பண்ணலாம்னும், கடல் தாண்டறதுக்கு முன்னாடி கட்டமைப்பை முழுசா சோதிக்கணும்னும் எழுதியிருக்காங்க.

வியாபாரக் கோணமும் ஒண்ணு இருக்கு. படகோட கமர்ஷியல் சர்டிஃபிகேட் கிளம்பறதுக்கு முன்னாடியே காலாவதி, அதுவும் பாதுகாப்பான துறைமுகத்துல இருந்து 60 மைலுக்குள்ள ஓட்டறதுக்கான சர்டிஃபிகேட்தான். இது வியாபாரப் பயணமா, சும்மா படகைத் திருப்பிக் கொண்டு வர்றதா, காசு குடுத்து வர்ற க்ரூ பயணியா நண்பனான்னெல்லாம் வாதம் போச்சு. படகை இயக்கின கம்பெனியோட டைரக்டரை 2017ல பாதுகாப்பா இயக்கத் தவறினார்னு குற்றவாளின்னு சொன்னாங்க, கவனக்குறைவால சாவு விளைவிச்சாருங்கற குற்றச்சாட்டுல 2018ல விடுதலை, தண்டனை 15 மாசம் ஆனா நிறுத்தி வைக்கப்பட்டது. யாருக்கும் திருப்தி இல்லாத முடிவு, என்னைக் கேட்டா சட்டம் புடிச்ச முனை வேற, படகு கவுந்த முனை வேற.

கீல் போனா எல்லாரும் போயிடுவாங்கன்னும் இல்ல. 1985ல இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் நடக்கற ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகு ரேஸ்ல டிரம்ங்கற படகு கீல் உடைஞ்சு கவுந்துச்சு, உள்ள மாட்டினவங்க உள்பட எல்லாரையும் காப்பாத்தினாங்க. 2011ல அதே ரேஸ்ல ராம்ப்ளர் 100, 21 பேரு, கீல் போய் கவுந்து எல்லாரும் பொழைச்சாங்க. ரெண்டும் கரைக்குப் பக்கம், ரேஸ் நடக்கற இடம், மீட்புப் படகு எட்டற தூரம். நடுக்கடல்லயும் ஒரு உதாரணம் உண்டு, 1997 ஜனவரில தென் கடல்ல கீல் போன படகுக்குள்ள டோனி புல்லிமோர் இருட்டுல தலைகீழா நாலு நாளுக்கு மேல உயிரோட இருந்தார், ஆஸ்திரேலியக் கடற்படை வந்து தட்டினதும் தண்ணிக்கடியில முங்கி வெளிய வந்தார். அந்தப் படகுக்குள்ள காத்து நின்னுச்சு, இன்னொரு நாள் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

என் பார்வைல இந்த கேஸ்ல ரெண்டு முடிச்சு இருக்கு. ஒண்ணு கிளம்பற நாள். தீவு சுத்தின அதே படகு, அதே ஆளுங்க, அதே பாய், அதனால கடல் தாண்டறதும் அதே வேலையோட நீட்சிதான்னு மனசு நம்பிடுது. ஆனா தீவுகள்ல வாரம் முழுக்க பகல்ல ஓட்டி ராத்திரி நங்கூரம் போட்ட படகு, இப்ப ராப்பகலா வாரக்கணக்குல ஒரே பக்கம் சாஞ்சு அலைல அடி வாங்கப் போகுது. நடுவுல ஒரு தடவை கரைக்கு ஏத்தி கீலைப் பாக்கணும். ஆன்டிகுவால ஜாலி ஹார்பர்லயும், குவாதலூப்ல புவாந்த் ஆ பீத்ருலயும், மார்த்தினிக்ல லு மரேன்லயும் படகைத் தூக்கி வைக்கற யார்டு இருக்கு. கிரேன்ல தொங்கும்போதே கீலோட நுனியைப் புடிச்சு ஒருத்தர் ஆட்டட்டும், இன்னொருத்தர் உள்ள போல்ட்டுப் பக்கம் டார்ச் அடிச்சு அசையுதான்னு பாக்கட்டும். கீலும் ஹல்லும் சேர்ற இடத்துல பெயின்ட்ல கோடு விட்டிருக்கா, துரு கசியுதா, உள்ள மேட்ரிக்ஸ் ஓரத்துல முடி மாதிரி விரிசல் இருக்கா, சின்ன சுத்தியலால தட்டினா ஒரு இடத்துல மட்டும் சத்தம் டொக்குன்னு மாறுதா, இதெல்லாம் ஒரு நாள் வேலை. சந்தேகமா இருந்தா படகைச் சோதிச்சு சொல்ற சர்வேயரைக் கூப்பிடுங்க. சர்வேயர் தேதி குடுக்கற வரைக்கும் ஃப்ளைட் டிக்கெட் போடாதீங்க, ஏன்னா டிக்கெட் போட்டாச்சுன்னா அப்புறம் படகைச் சோதிக்கறது படகுக்காக இருக்காது, டிக்கெட்டுக்காக இருக்கும்.

ரெண்டாவது முடிச்சு தண்ணி தெரிஞ்ச அந்த நேரம். தண்ணி வந்தா எல்லாரும் முதல்ல டேங்க், பைப், வால்வு, டாய்லெட்னு தேடுவாங்க, அது சரியான வரிசைதான், பெரும்பாலும் அங்கதான் இருக்கும். நாக்குல வச்சுப் பாருங்க, உப்பு இருந்தா உங்க டேங்க் இல்ல. (தண்ணி கொஞ்சம் கலந்திருந்தா இதுவும் குழப்பும், அதனால துடைச்சுட்டு புதுசா ஊறற தண்ணியைப் பாருங்க.) தேடி முடிச்சும் எங்கன்னு தெரியலன்னா, அதுவும் தரை தட்டின சரித்திரம் இருக்கற படகுன்னா, கீல்தான்னு வச்சுக்கிட்டு நடக்கணும்னு நான் சொல்லுவேன். நம்பறது கஷ்டம்தான், படகு அப்ப நல்லா நேரா ஓடிட்டு இருக்கும். ஆனா அந்த நிமிஷத்துலயே பாயைக் குறைக்கணும், அலை கம்மியா அடிக்கற திசைக்குத் திருப்பணும், எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டோட மேல வரணும், கீழ யாரும் தூங்கக் கூடாது, ராஃப்டைக் கட்டுல இருந்து அவுத்து ஒரே இழுவைல போற மாதிரி வச்சு அதோட கயித்தை மட்டும் படகுல கட்டணும், ஈபர்ப் கருவியைக் (படகுக்குன்னு இருக்கற ஆபத்து சிக்னல் கருவி) கைக்கு எடுக்கணும். அடில கீல் பக்கம் விரிசலைப் பாக்க பலகையை உடைக்க வேண்டி வந்தா உடைக்கட்டும், பலகை போனா போகுது.

ராஃப்ட் எங்க இருக்குங்கறதை மட்டும் தீவுல இருக்கும்போதே பாத்துடுங்க. நிறைய படகுகள்ல காக்பிட்டுக்கு (படகு ஓட்டறவங்க உக்கார்ற இடம்) அடியில லாக்கர்ல, அதுக்கு மேல ஃபெண்டர் (படகு இடிக்காம பக்கத்துல தொங்க விடற மெத்தை), நீச்சல் கண்ணாடி, ஃப்ரெண்ட்ஸ் விட்டுட்டுப் போன செருப்புன்னு குமிஞ்சு கிடக்கும். படகு கவுந்தாலும் தானா மிதந்து வர்ற மாதிரி ராஃப்டை வைக்கணும்னு அறிக்கைலயும் பேசியிருக்காங்க, தண்ணி அழுத்தத்துல தானா விடுபடற ரிலீஸ் கருவியும் கடைல கிடைக்குது, ஆனா தலைகீழா மிதக்கற சின்னப் படகுல அது வேலை செய்யற ஆழத்துக்குப் போகும்னு உத்தரவாதம் இல்ல. அதனால பின்பக்கக் கம்பில திறந்தவெளில மாட்டி, க்ரூல இருக்கற சின்ன ஆளாலயும் அவுக்க முடியுதான்னு ஆன்டிகுவாலயே நங்கூரத்துல நிக்கும்போது ஒவ்வொருத்தரா அவுத்துப் பாக்கணும், இருட்டினதுக்கப்புறமும் ஒரு தடவை.